நோய்க்கு இடமில்லை என்று எழுதியவன்

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியை எழுதியவன் நான்தான்.

கதைக்கு வித்து எங்கே கிடைத்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் ரயிலில் பார்த்த முகம், பாதியில் கலைந்த கனவு என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. என் வித்து வழவழப்பான தாளில் பச்சை மையில் அச்சாகி, கோதாவரிக் கழிமுகத்தில் இறால் வளர்க்கும் ஊர்களுக்கெல்லாம் துண்டுப் பிரசுரமாகப் போய்ச் சேர்ந்தது. வரி இது:

"இலை இருக்கும் குளத்தில் நோய்க்கு இடமில்லை."

தெலுங்கில் இன்னும் நன்றாக இருக்கும். எதுகை மாதிரி ஒன்று விழும். எழுதிய அன்று இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒரு அறை கொடுக்கலாம் போலிருக்கிறது.

(நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கும் தமிழன். இறாலுக்கு நோய் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் கூடத்தில் வேலை. எப்போதாவது தமிழில் கதை எழுதுவேன். ஊரில் எனக்கு 'அரவ சார்' என்று பெயர். அரவம் என்றால் தமிழ். சோதனைக்கூடம், இறால் தீவனத்தில் கலக்கும் மூலிகைப் பொடியை விற்கும் ஒரு கம்பெனியின் டீலருடையது. இந்த அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள்.)

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: 'உப்பேற்றுக் கழியின் மேல் காலைப் பனி மெல்ல விலகியபோது, மங்கதாயாரு தன் குளக்கரையில்—'

நிறுத்திவிட்டேன். பனி விலகினால் என்ன, விலகாவிட்டால் என்ன? எட்டுக் குளம் செத்திருக்கிறது, எனக்குப் பனி கேட்கிறது.

இரண்டாவது தொடக்கம்: 'கொத்தபாலெத்தில் ஒரு சிவப்புத் துணி இருந்தது.'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

கொத்தபாலெத்தில் முப்பது குளங்களுக்கும் ஒரே வாய்க்கால். அதிலிருந்துதான் எல்லோரும் தண்ணீர் ஏற்றுகிறார்கள், அதிலேயேதான் வடிக்கிறார்கள். ஒரு குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் குளத்துக்காரன் வாயைத் திறக்க மாட்டான். அவமானம், பயம். ஓசைப்படாமல் தண்ணீரை வடித்துவிட்டு, இருக்கிற இறாலைப் பிடித்து விற்பனைக்கு ஏற்றிவிடுவான். அந்தத் தண்ணீர் அடுத்தவன் குளத்துக்குள் போகும். ஏழு வருடத்துக்கு முன்னால் இப்படி ஊரே காலியானது.

அப்போதுதான் மங்கதாயாரு அக்கா தன் சிவப்புப் புடவையிலிருந்து ஒரு முழத்தைக் கிழித்து, தன் குளத்தின் மதகுக் கம்பத்தில் கட்டினார். கட்டிவிட்டு வாய்க்காலோரமாக நடந்து, ஒவ்வொரு கரையிலும் நின்று கத்தினார்.

"என் குளத்துக்குச் சீக்கு வந்திருச்சு! உங்க மதக மூடுங்கடா! நான் தண்ணி விடமாட்டேன், நீங்க ஏத்தாதீங்க!"

அதுவே வழக்கமாகிவிட்டது. துணி கட்டினால் மற்றவர்கள் பதினைந்து நாள் மதகைத் திறக்கக் கூடாது. கட்டியவர் பிளீச்சிங் பவுடர் போட்டு, நோய் அடங்கும்வரை தண்ணீரை அடைத்து வைக்க வேண்டும். கட்டியவரிடம் ஏன் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. அடுத்த போகத்தில் முதல் தண்ணீர் அவருக்குத்தான். ஆறு வருடத்தில் ஒன்பது முறை துணி கட்டப்பட்டது. ஒன்பது முறையும் கட்டியவர் குளத்தோடு நோய் நின்றது.

எந்த அதிகாரியும் சொல்லித்தராத ஏற்பாடு இது. இதைத்தான் என் ஒற்றை வரி தகர்த்தது.

3

இப்போது இலை.

கீழாநெல்லி. குளக்கரையில் தானாக முளைப்பது. அக்கா அதைப் பிடுங்கி, நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்து, முட்டை வெள்ளைக்கருவும் வெல்லத் தண்ணீரும் சேர்த்துத் தீவனத்தின் மேல் பூசுவார். அரை மணி நேரம் உலரவிட்டுத்தான் குளத்தில் வீசுவார். அப்படிச் செய்யாவிட்டால் பொடி தண்ணீரோடு கரைந்து போய்விடும். இறால் வயிற்றுக்குள் ஒன்றும் போகாது.

கம்பெனி விற்கும் பொடியும் இதே இலைதான்; அதற்குப் 'பயன்பெற்ற விவசாயியின் கதை' ஒன்று வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன்.

"எழுதிக்கோ தம்பி. மொதல்ல குளத்தக் காயப் போடணும். நல்லா வெடிப்பு விடணும். அப்புறம் குஞ்சு. சோதிக்காத குஞ்ச விடவே கூடாது."

"அக்கா, இலையப் பத்திச் சொல்லுங்க. அவங்க அதத்தான் கேட்டாங்க."

"இலைக்கு வர்றேன், இருய்யா. மேல கயிறு கட்டணும், காக்கா கொக்கு எறங்காம. இலையப் போட்டுட்டுக் கொக்க எறங்க விட்டா, இலை போயி கொக்க வெரட்டுமா? அப்புறம் வலை. என் வலை என் குளத்துக்குத்தான். எங்கண்ணன் வந்து கேட்டாலும் கெடையாது."

"சரி. இலை என்ன செய்யும்?"

"கொஞ்சம் தெம்பு குடுக்கும். நல்லாத் தின்னும். தோல் உரிக்கிறப்ப சோந்து விழாது. சின்னச் சின்னச் சீக்கத் தாங்கும்."

"வெள்ளப்புள்ளி?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அந்த மெஷின் வெச்சிருக்கிற எடத்துலதான வேல செய்யிற? வெள்ளப்புள்ளி வந்துட்டா இலையும் இல்ல, மாத்திரையும் இல்ல. துணிதான்."

எழுதிக்கொண்டேன். அன்று நான் எழுதிய கடைசி வரி: 'இலை போட்டால் இறாலுக்குக் கொஞ்சம் தெம்பு, மற்றதெல்லாம் நம் கையில்.' அவரிடம் படித்துக் காட்டினேன். "ம்ம், சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். பிறகு முகம் கழுவி, காதில் நல்ல கம்மலைப் போட்டுக்கொண்டு வந்து போட்டோவுக்கு நின்றார்.

4

அச்சகத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் எனக்கே ஏதாவது நியாயம் கண்டுபிடித்துவிடுவேன்.

கம்பெனியின் விற்பனை ஆள் பணீந்திரா, சிரித்த முகக்காரன். பிழை பார்க்கும் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"குருவுகாரு, தெம்புன்னு போட்டா எவன் வாங்குவான்? தெம்புக்கு ஒரு டீ குடிச்சாப் போதுமே. நீங்க கதையெல்லாம் எழுதுறவரு. நச்சுன்னு ஒண்ணு போடுங்க."

கயிறு, வலை, குளத்தைக் காயப்போடுவது, குஞ்சு எல்லாவற்றையும் இடமில்லை என்று அவன் வெட்டினான். அது அவன் செய்த வேலை. ஆனால் அந்த வரியை அவன் எழுதவில்லை. அவன் மிரட்டினான் என்று எழுதலாம். வாசகர்கள் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவார்கள். அவன் மிரட்டவில்லை. நச்சென்று ஒன்று கேட்டான். எனக்கு நச்சென்று எழுத வரும் என்று காட்ட வேண்டியிருந்தது. இரண்டே நிமிடம்.

மங்கதாயாரு அக்கா சொன்னதாக, அவருடைய படத்துக்குக் கீழே, மேற்கோள் குறிக்குள் அது போனது.

(எழுதியவன் பெயரைத் துண்டுப் பிரசுரத்தில் போட மாட்டார்கள். அந்த வழக்கத்துக்கு அன்றைக்கு வருத்தப்பட்டேன்.)

5

சூரிபாபு வருகிறார். அக்காவின் குளத்துக்கு மூன்று குளம் மேலே அவருடையது. அக்காவை வதினா என்று கூப்பிடுவார், அண்ணி முறை. நல்ல மனிதர். போன வருடம் முதல் ஆளாகத் துணி கட்டியவரே அவர்தான். இதை எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இவரை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

இந்தப் போகத்தின் ஐம்பத்திரண்டாவது நாள் ஒரு பாலித்தீன் பையில் ஆறு இறாலோடு சோதனைக்கூடத்துக்கு வந்தார். தீவனத் தட்டில் தீவனம் மிச்சம் நிற்கிறது, இரண்டு மூன்று இறால் கரையோரமாக ஒதுங்குகிறது என்றார். சோதித்தேன். வெள்ளைப்புள்ளிதான், சந்தேகமே இல்லை.

"பாபு, துணி கட்டிடுங்க. இப்பவே."

"மெஷினு தப்பாக் காட்டுது சார்."

"மெஷின் சரியாத்தான் இருக்கு."

"அதெப்படி சார் வரும்? நான் இலைப்பொடி போடுறேன். மொத மாசத்துலேருந்து போடுறேன்."

சட்டைப் பையிலிருந்து துண்டுப் பிரசுரத்தை எடுத்தார். நாலாக மடித்து வைத்திருந்தார். பிரித்து, விரல் வைத்து, என் வரியை எனக்கே படித்துக் காட்டினார்.

"பாருங்க. எங்க வதினாவே சொல்லியிருக்கு. அது பொய் சொல்லாது சார். மத்தவங்க சொன்னா நம்ப மாட்டேன்."

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பாபு, அது அக்கா சொன்னது இல்ல. நான் எழுதுனது. பொய்" என்றேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு—

5 (மறுபடியும்)

மேலே கடைசிப் பத்தியில் இருப்பது நடக்கவில்லை. தோளைப் பிடிக்கவும் இல்லை, உலுக்கவும் இல்லை. கை தானாக எழுதிவிட்டது. அடிக்காமல் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த வரியை எழுதிய அதே கைதான் இது.

நடந்தது இது. அவர் படித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். பக்கத்து அறையில் டீலர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான், "எதுக்கும் துணி கட்டுறது நல்லது" என்றேன்.

'எதுக்கும்.' அந்தச் சொல்லை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

"இலை போட்ட குளத்துக்குத் துணி கட்டுனா ஊரு சிரிக்கும் சார்" என்று எழுந்தார். "பொடிய ரெண்டு பங்காப் போட்டுப் பாக்குறேன். நாலு நாள்ல சரியாயிடும்."

வாசல்வரைக்கும் போனார். செருப்பைப் போட்டுக்கொண்டார். வண்டியைக் கிளப்ப இரண்டு தடவை உதைத்தார். 'நான்தான் எழுதினேன்' என்று சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது.

போன் எடுத்து ஊருக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சோதனை முடிவைக் குளத்துக்காரரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று கூடத்தில் ஒரு விதி உண்டு. அந்த நான்கு நாளும் நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

6

நான்கு நாளும் சூரிபாபு வழக்கம்போலத் தண்ணீர் மாற்றினார். வாய்க்காலோரம் துணி இல்லை, அதனால் எல்லோரும் மதகைத் திறந்தார்கள். அக்காவும் திறந்தார். ஐந்தாம் நாள் சூரிபாபுவின் குளத்தில் காக்கைகள் இறங்கின. பத்தாம் நாளுக்குள் எட்டுக் குளம்.

அக்காவின் குளம் ஆறாவது. கீழாநெல்லி போட்ட குளம், கயிறு கட்டிய குளம், அடுத்தவன் வலை படாத குளம். இறால் சிவந்து, கரையோரமாக ஒதுங்கிச் செத்துக்கிடந்தது. அவர் தன் மதகில் துணி கட்டினார். அதற்குள் அதைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோருடைய குளத்துக்கும் நோய் போய்விட்டது.

இந்தப் பகுதியை விரிவாக எழுத மாட்டேன். செத்த இறாலை அழகாக வர்ணிக்க எனக்குத் தெரியும், அதனால்தான்.

7

ஊர் என்ன செய்யும்? கம்பெனி எங்கோ இருக்கிறது. பணீந்திரா போனை எடுப்பதில்லை. டீலர், 'பூச்சு சரியாப் போட்டிருக்க மாட்டாங்க' என்கிறார். கையில் இருப்பது துண்டுப் பிரசுரம், அதில் இருப்பது மங்கதாயாருவின் முகம். சூரிபாபுதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாராம்:

"ஒன் மொகத்த நம்பித்தான் வதினா நான் துணி கட்டல!"

வருகிற சனிக்கிழமை ராமாலயத்தில் கூட்டம். கம்பெனியிடம் கை நீட்டி ஊரைக் கெடுத்தவள் என்று, அவருடைய மதகை இனி நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்று பேச்சு. மதகு அடைத்தால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் குத்தகைக் குளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

நேற்று மத்தியானம் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வடித்த குளத்தின் கரையில் உட்கார்ந்து பழைய சிவப்புப் புடவையை முழம் முழமாகக் கிழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிடுங்கிப் போட்ட கீழாநெல்லி ஒரு கட்டு.

"இன்னுமா இந்த இலை அக்கா?"

"இலை என்ன பண்ணுச்சு பாவம்? அதுவா பேப்பர்ல எழுதுச்சு?"

நான் படித்தேன். தமிழில் இருப்பதை வாயாலேயே தெலுங்காக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். ஐந்தாம் பகுதியின் பொய்யையும் படித்தேன், மறுபடியும் எழுதியதையும் படித்தேன். அவர் கிழிப்பதை நிறுத்தவில்லை. துணி கட்டிக் கத்திய இடம் வந்தபோது மட்டும் குறுக்கே பேசினார்.

"என்ன எதுக்கு இவ்ளோ நல்லவளா எழுதியிருக்க? பேப்பர் வந்தப்ப அந்த வரிய நானும் படிச்சேன். நான் சொன்னது இல்லியேன்னு தெரிஞ்சுது. வாயத் தொறக்கல. போட்டோ நல்லா வந்திருந்துச்சு. செவுத்துல ஒட்டி வெச்சேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

பிறகு முடிவுகளைப் படித்துக் காட்டினேன். மூன்று வைத்திருந்தேன்.

முடிவு அ: கூட்டத்தில் சூரிபாபு எழுந்து நின்று, வதினா மேல் தப்பில்லை என்று அழுகிறார். ஊர் அக்காவை மன்னிக்கிறது.

"அவன் எதுக்கு அழுவணும்? அவன் படிச்சத நம்புனான். படிச்சத நம்புறது தப்புன்னா நீயெல்லாம் எதுக்கு எழுதுற?"

முடிவு ஆ: கம்பெனி மேல் வழக்குப் போடுகிறார்கள், பல வருடம் கழித்து—

"நான் சனிக்கிழமையப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

முடிவு இ: அக்கா தனியாக, காய்ந்து வெடித்த குளத்தின் நடுவில் நின்று, சிவப்புத் துணியை உயர்த்தி—

"ஏய், சினிமாவா எடுக்குற?" என்றார். ஒரு நொடி சிரிப்புக்கூட வந்தது அவருக்கு. பிறகு கையை நீட்டினார். "குடு அத."

தாள்களைக் கொடுத்தேன். அக்காவுக்குத் தெலுங்கு நன்றாகப் படிக்கத் தெரியும். முதல் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். புரட்டினார். அடுத்ததையும் புரட்டினார்.

"இது என்ன எழுத்து?"

"தமிழ்க்கா. தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பலாம்னு."

"எங்க ஊர்ல இத யாரு படிப்பா?"



தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, மரியாதையாக என் மடியில் வைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பொய்ய எங்க பாஷையில எழுதுன. எல்லாருக்கும் புரியிற மாதிரி, நச்சுன்னு. உண்மைய மட்டும் கொண்டுபோயி எங்க யாருக்கும் தெரியாத பாஷையில எழுதுறியா?"

"அக்கா, தெலுங்குல எழுதுனா டீலரு..."

"தெரியும். வேல போயிடும். எனக்குக் குளம் போவுது." கிழித்த துணிகளை மடித்துக் கட்டினார். "பத்துப் பக்கம் வேணாம் தம்பி. கதையும் வேணாம். ஒரே ஒரு வரி. 'அத எழுதுனது நான், மங்கதாயாரு அப்படிச் சொல்லல'ன்னு. கீழ உன் பேரு. நான் மறைச்சத நானே சொல்லிக்குவேன். உன்னுத நான் எப்படிச் சொல்றது? எவன் நம்புவான்?"

8

இன்று வியாழக்கிழமை. மேசையில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்றில் இந்தக் கதையின் கடைசிப் பக்கம், உங்களுக்காக. இன்னொன்றில் தெலுங்கில் மூன்று சொல் எழுதியிருக்கிறேன்: 'அந்த வரியை எழுதியது'. அதற்கு மேல் காலையிலிருந்து பேனா நகரவில்லை. தமிழில் இவ்வளவு வேகமாக ஓடிய பேனா.

ஏன் என்று எனக்குத் தெரியும். இந்தக் கதையில் என்னை நானே எவ்வளவு திட்டிக்கொண்டாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால், நேர்மையான எழுத்து என்று யாராவது கடிதம் போடுவார்கள். அந்த மூன்று சொல்லுக்குப் பிறகு நாலாவது சொல்லை எழுதினால், திங்கட்கிழமை எனக்குப் போக ஒரு இடம் இருக்காது.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இங்கே இல்லை. இந்த மொழியில் அதை எழுத முடியாது. நீங்கள் இதைப் படிக்கும்போது சனிக்கிழமை என்றைக்கோ கடந்திருக்கும். மங்கதாயாருவின் மதகு திறந்திருக்கிறதா என்று யாரைக் கேட்டாலும் தெரிந்துவிடும். கொத்தபாலெம் வாய்க்காலில் மேலேயிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பதினோராவது மதகு. திறந்திருந்தால் நான் எழுதியிருக்கிறேன் என்று அர்த்தமில்லை, அவர் என்னை நம்பாமல் தனியாகச் சண்டை போட்டும் ஜெயித்திருக்கலாம். அடைத்திருந்தால் மட்டும், ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். கதை நன்றாக இருக்கிறது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

அந்த வரியும் நன்றாகத்தான் இருந்தது.